நீங்கள் பிறீதானே

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தொலைபேசி எடுத்து "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. "சாப்பிட்டாச்சோ?" என்றாலும் பரவாயில்லை. "இப்ப பிறீயோ?" என்று கேட்டால் மட்டும்தான் எனக்குப் பயம். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. ஓம் என்றால் வேலை வரும். இல்லை என்றால், "உங்களுக்கு என்ன வேலை, நீங்கள் பிறீதானே!" என்று சிரித்துவிட்டு அதே வேலையைத் தருவார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. சாதகம் பொருந்திய நேரத்தில் சண்டை வந்தது, சண்டை ஓய்ந்த நேரத்தில் வயது போயிருந்தது, பிறகு எனக்கே விருப்பம் விட்டுப் போனது. பென்ஷன் வருகிறது, பிள்ளை குட்டி இல்லை, சமைத்துப் போட ஆம்பிளை இல்லை. இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஊர் எனக்குக் கொடுத்த பட்டம்தான் பிறீ, நான் படிப்பித்த ஆங்கிலத்தின் free.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. பள்ளிக்கூட நேரசூசியில் சில பாடவேளைகளுக்கு நேரே வெறும் கட்டம் இருக்கும். அதற்குப் பெயர் பிறீ பீரியட். அந்தக் கட்டத்தில் நான் ஒரு நாளாவது இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்ததாக நினைவில்லை. பிரதி அதிபர் வாசலில் வந்து நிற்பார். "ரீச்சர், நீங்கள் பிறீதானே? உந்த ஒன்பதாம் வகுப்பை ஒருக்கால் போய்ப் பாருங்கோ, கத்திறாங்கள்." மற்றவருடைய வேலையைச் செய்வதற்குத் தயாராக இருப்பது என்று அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டென்பதை நான் எந்த அகராதியிலும் படிக்கவில்லை. பிரதி அதிபரிடம்தான் படித்தேன்.

மற்றவர்களுக்கு அந்தச் சொல் நன்றாகத்தான் உழைக்கிறது. தையல்காரி, "சட்டையைக் கொஞ்சம் பிறீயாத் தைக்கட்டோ?" என்கிறாள். நான் உடம்பு வைத்துவிட்டேன் என்பதை அதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? டொக்டர், "வயிறு பிறீயாப் போகுதோ?" என்று கேட்கும்போது வெட்கப்படாமல் பதில் சொல்ல முடிகிறது. கடையில் சவர்க்காரம் வாங்கினால் பிளாஸ்ரிக் கோப்பை பிறீ. பலாலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர், "பின்னுக்குப் பிறீயாக் கிடக்குது, போங்கோ, போங்கோ!" என்று கத்துவார், பின்னுக்கு மூச்சு விட இடம் இராது. ஒரு பெட்டை பெடியன்களோடு சிரித்துக் கதைத்தால், "அவள் கொஞ்சம் பிறீ" என்பார்கள். அது புகழ்ச்சியும் இல்லை, ஏச்சும் இல்லை, ஆனால் ஒரு குத்து இருக்கும். இதையெல்லாம் சொல்லி நான் ஆத்திரப்பட்டால், "பிறீயா விடுங்கோ ரீச்சர்" என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் மோசம் அதுதான்.

முந்தி எங்கள் ஊரில் "அவள் சும்மா இருக்கிறாள்" என்று சொல்வார்கள். அதில் ஏச்சு இருந்தது. ஏச்சு என்றால் திருப்பி ஏசலாம். பிறீ என்பதில் ஏச்சே இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறது. அதனால் அதற்கு எப்படி மறுப்புச் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

இந்தப் பட்டத்தின் பயனாக என் அலுமாரியில் ஒரு கொத்துத் திறப்புகள் தொங்குகின்றன. எல்லாம் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீட்டுத் திறப்புகள். வெள்ளிக்கிழமைகளில் போய்த் திறந்து, கூட்டி, சாமி அறையில் விளக்கு வைக்கவேண்டும். மழைக்காலத்தில் சிரட்டை, பூச்சாடி எல்லாவற்றிலும் நிற்கிற தண்ணீரைக் கவிழ்க்கவேண்டும், இல்லாவிட்டால் டெங்குப் பரிசோதகர் வந்து என்னைத்தான் ஏசுவார். கனடாவில் பனி கொட்டுகிற நேரத்தில் அங்கிருந்து ஒருவர், "மாமரம் பூத்திட்டுதோ? ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ, நீங்கள் பிறீதானே" என்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, இதெல்லாம் கரைச்சல்தான், ஆனால் உயிர் போகிற கரைச்சல் இல்லை. கண்தான் விஷயம்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண் மோசம். படிப்பதற்காகவே பென்ஷன் எடுத்த ஆள் நான். வேலை செய்த காலத்தில் வாங்கி அடுக்கிவைத்த புத்தகங்களைக் காலை மாலை என்று பாராமல் வாசிக்கவேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. இப்போது காலை வெளிச்சத்தில் யன்னலோடு ஒட்டி இருந்து, பக்கத்தைச் சரித்துப் பிடித்து, இடக்கண்ணால் வாசிக்கிறேன். வெயில் திரும்பியதும் எழுத்தெல்லாம் பால் ஊற்றியது போலாகிவிடும். பின்னேரத்தில் வாசிக்க முடியாத ஆளுக்குப் பின்னேரம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். அந்த நேரத்தில் யாராவது வந்தால், "ஆ, பிறீயா இருக்கிறியள் போலை" என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு திகதி தந்தார்கள். அதே கிழமையில் லண்டன்காரர் ஒருவருக்கு வீடு குடிபூரல். திறப்பு என்னிடம், பெயின்ற் அடிப்பவர்களுக்குத் தேத்தண்ணீர் என்னிடம், ஐயருக்குச் சாமான் வாங்குவதும் என்னிடம். "கண் எங்கையும் ஓடாது ரீச்சர்" என்றார் வீட்டுக்காரர். கண் ஓடவில்லைத்தான், பார்வை ஓடியது. பிறகு மாதக்கணக்கில் அலைந்து இரண்டாவது திகதி வாங்கினேன். இந்த முறை டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னும் தள்ளினால் புரை முத்திப்போம். பிறகு செய்யிறதும் கஷ்டம், செய்தாலும் முந்தினமாதிரி வருமெண்டு சொல்லேலாது." தாதி இன்னொன்று சொன்னார்: "கூட ஒராள் கட்டாயம் வரவேணும். ஆள் இல்லாட்டில் எடுக்கமாட்டம்."

அதற்குப் பிறகுதான் கனடாவிலிருந்து என் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மகளுக்கு, என் பெறாமகளுக்கு, கலியாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையும் கனடாதான். ஆனால் கலியாணத்தை ஊரில் வைத்தால்தான் கலியாணம் மாதிரி இருக்கும் என்று இரண்டு பக்கமும் முடிவெடுத்திருந்தார்கள். மண்டபம் எடுத்தாயிற்று. கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாகப் பலகாரச்சூடு என் வீட்டு முற்றத்தில். சொந்தக்காரப் பெண்கள் கூடி, நல்ல நாள் நல்ல நேரம் பார்த்துத் தாச்சியில் எண்ணெய் கொதிக்கவைத்துக் கலியாணப் பலகாரம் சுடுவதுதான் பலகாரச்சூடு. நாள் பார்த்தாயிற்று என்று அவள் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரி தந்த அதே நாள்.

"அண்டைக்கு எனக்குக் கண் ஒப்பரேஷன்" என்றேன்.

"ஐயோ அக்கா, அதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கோவன். நீங்கள் பிறீதானே, எப்பவும் செய்யலாம். எங்களுக்கு லீவு இல்லை. பஞ்சாங்கத்திலை அதை விட்டால் நாளும் இல்லை."

"ஆஸ்பத்திரியிலையும் நாள் இல்லையடி."

"நீங்கள் ரீச்சர். ஒரு சொல்லுச் சொன்னால் மாத்தித் தருவினம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. பலகாரச்சூட்டில் கலியாணம் கட்டாத எனக்கு என்ன இடம் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு மூட்டுவது நான். மா அரிப்பது, எள்ளு வறுப்பது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது நான். எண்ணெய் கொதித்து, முதல் பலகாரம் போடுகிற நேரம் வந்ததும், தாலி கட்டினவர்கள் முன்னுக்கு வருவார்கள். நான் பின்னுக்குப் போவேன். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லி ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. ஆனால், முன்னுக்கு நிற்க உதவாத ஆள் பின்னுக்கு நிற்பதற்காகக் கண்ணைக் கொடுக்கவேண்டுமா?

அவர்கள் வந்து இறங்கினார்கள். என் வீட்டு அறைகள் எல்லாம் பெட்டி. தங்கச்சி என்னைக் கேளாமலே என் நாட்களை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். "அக்கா பிறீதான், அவ பாத்துக்கொள்ளுவா." "அக்காவிட்டை விடுங்கோ." "அக்கா வருவா மண்டபத்துக்கு." கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடித்த கதைதான். நான் ஆஸ்பத்திரி நாளை மாற்றமாட்டேன் என்று சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சரி, யார் என்னோடு வருவது என்று கேட்டேன். தங்கச்சிக்குப் பலகாரச்சூடு. அவளுடைய மனுஷன் அன்றைக்கு மண்டபத்துக்காரரைப் பார்க்கவேண்டும். என்னோடு படிப்பித்த ரீச்சர்மாரைக் கேட்டேன். ஒருவருக்குப் பேரப்பிள்ளை, மற்றவருக்கு முழங்கால். திறப்புத் தந்தவர்கள் எல்லாரும் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்கள் வட்ஸ்அப்பில் கை கூப்பிய படம் அனுப்பினார்கள். எனக்காக ஒரு நாள் பிறீயாக இருக்க இந்தக் குடாநாட்டில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று குளியலறைக்குள் போய் அழுதேன், வெளியில் இருந்து அழுதால் அதற்கும் யாராவது காரணம் கேட்பார்கள்.

இந்த நேரத்தில் கொடிகாமத்தில் ஒரு சாவு.

செத்தவர் அப்பாவின் சித்தப்பா மகன். எங்களுக்குச் சித்தப்பா முறை. பாரிசவாதத்தில் விழுந்து பல வருடமாகப் படுக்கையில் கிடந்தவர். நான் அவரைக் கடைசியாகக் கண்டது எப்போதென்று எனக்கே தெரியாது. செய்தி வந்ததும் தங்கச்சி சொன்னாள்: "கலியாண வீட்டுக்காரர் நாங்கள் செத்தவீட்டுக்குப் போகக்கூடாது. எங்களுக்காகவும் நீங்களே போட்டு வாங்கோ அக்கா. நீங்கள் பிறீதானே."

செத்தவீட்டோடு கூட வருவது என்ன என்று அவள் அதைச் சொன்ன நேரத்தில் அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. போனேன்.

அந்த வீட்டில் சித்தப்பாவும் மகளும் மட்டும்தான். மகள் எனக்குத் தங்கச்சி முறை. என்னைவிட நன்றாக இளையவள். அவளும் கலியாணம் கட்டவில்லை, தகப்பன் விழுந்தபோது வந்த சம்பந்தத்தை நிற்பாட்டினார்கள், பிறகு அதை யாரும் எடுத்துப் பேசவில்லை. தமையன் லண்டனில். அவருக்கு லீவு கிடைக்காததால் ஒரு கதிரையில் தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, அதிலே தகப்பனைப் பார்த்து அழுதார். கொள்ளி வைக்கச் சொந்தத்தில் ஒரு ஆம்பிளையைப் பிடித்திருந்தார்கள். உடல் வாசல் படலையைத் தாண்டியதும், பெண்கள் நாங்கள் வழக்கப்படி திரும்பி வந்தோம்.

வீடு கழுவிய பிறகு அவளைச் சுற்றி இருந்தோம். ஒரு மாமி அவளுடைய தலையைத் தடவி, "நல்லாப் பாத்தாய் பிள்ளை. இனி நீ பிறீ" என்றார். இன்னொருவர், "ஓம், இனி உன்ரை பாட்டைப் பாக்கலாம்" என்றார். தொலைபேசியை அவளிடம் கொடுத்தார்கள். தமையன் அழுது முடித்து மூக்கைச் சீறிவிட்டு, "நீ இனி அங்கை தனிய என்ன செய்யப்போறாய்? பிறீதானே? ஸ்பொன்சர் பண்ணிறன், இஞ்சை வா. பிள்ளையளைப் பாக்க எங்களுக்கும் ஆள் இல்லாமல் கஷ்டம்" என்றார். தகப்பனின் சாம்பல் இன்னும் ஆறியிருக்காது.

தேத்தண்ணீர் வந்தது. கோப்பையைக் கையில் எடுத்தவள் திடீரென்று அதைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். "அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம்" என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போனாள். படுக்கைப்புண் வராமலிருக்க நேரத்துக்கு நேரம் அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது அவளுடைய வேலை. நாங்கள் எல்லாரும் கோப்பையைப் பிடித்தபடி இருந்தோம். கொஞ்ச நேரத்தில் வெளியில் வந்து, தன் இடத்தில் இருந்து, ஆறின தேத்தண்ணீரைக் குடித்தாள். அந்த மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் புறப்படும்போது அந்தக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் படலை வரை வந்தார். "பிள்ளை, உனக்கும் துடக்கு. முப்பத்தொண்டு மட்டும் கோயில் வாசலுக்குப் போயிடாதை" என்றார். சாவு நடந்தால் உறவுக்காரருக்கு வருகிற தீட்டைத்தான் எங்கள் ஊரில் துடக்கு என்போம். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் மட்டும் நல்ல காரியம் எதிலும் கலந்துகொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். உடனே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஐயர் மிகவும் நிதானமாக விளக்கினார். செத்தவர் அப்பா வழிப் பங்காளி. கலியாணம் கட்டின பெண்ணுக்குப் புருஷன் வீட்டுத் துடக்குத்தான், ஆகவே தங்கச்சிக்கும் அவளுடைய மகளுக்கும் ஒன்றும் இல்லை, கலியாணத்தைத் தாராளமாக நடத்தலாம். அக்கா கலியாணம் கட்டவில்லை. அவ இன்னும் தகப்பன் வீட்டு ஆள். அவவுக்கு முழுத் துடக்கு. அவ இருக்கிற வீட்டிலே நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது.

தங்கச்சி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது, செத்தவீட்டால் வந்த ஆள் சிரிக்கக்கூடாதென்று அடக்கினேன். எந்தக் காரணத்தைச் சொல்லி என்னை இத்தனை காலம் ஊர் வேலைக்கு ஏவினார்களோ, அந்தக் காரணமே இப்போது வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. நான் ஆசாரம் பார்க்கிற ஆளில்லை. துடக்கில் எனக்கு நம்பிக்கையும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் அந்த ஐயருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்று பின்னேரமே பெட்டிகள் எல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போயின. தங்கச்சியின் மனுஷனுடைய ஆட்களின் பூட்டிக்கிடந்த வீடு அங்கே இருந்தது. அதன் திறப்பும் என் கொத்தில்தான் இருந்தது, கொத்தை அப்படியே கொண்டுபோனார்கள். பெறாமகள் மட்டும் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "பெரியம்மா, லைவ் போடுவம், கட்டாயம் பாருங்கோ" என்றாள். அந்தப் பிள்ளை கூறைச் சேலையில் வருவதைக் கிட்ட நின்று பார்க்க நானும் ஆசைப்பட்டேன்தான். இதை எழுதும்போதும் அந்தக் கவலை இருக்கிறது.

ஆனால் நான் துடக்கைப் பற்றி அறிந்திருந்தது போதாது. இரண்டு நாள் போகவில்லை, தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, மண்டபக் கதிரைக்காரனோடை ஒருக்கால் கதையுங்கோ. போனிலை கதைக்கத் துடக்கில்லைத்தானே?"

கதைத்தேன். பிறகு பூக்காரன். பிறகு தையல்காரி. பிறகு, "விளக்கு, கும்பம் ஒண்டையும் தொடாமல் விட்டால் சரி. சமையல்காரர் வாற அண்டைக்கு மண்டபத்துப் பின்பக்கத்தாலை வந்து நிண்டு பாக்கலாம். பின்பக்கத்துக்குத் துடக்கில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம்."

கடைசியில் அவள் கேட்டது இது: பலகாரச்சூட்டு நாள், சுடுகிற இடத்துக்கு நான் வரத் தேவையில்லை. பக்கத்து வளவில் நின்று மா அரித்துக் கொடுத்தால் போதும். எண்ணெயில் போட்டால் துடக்குப் போய்விடும். "காலமை கொஞ்ச நேரம்தான். ஒப்பரேஷனை ஒருக்கால் கேட்டு மத்தியானத்துக்கு மாத்துங்கோ. மற்றபடி நீங்கள் அண்டைக்குப் பிறீதானே அக்கா?"

என்னிடம் இருந்த பொறுமையெல்லாம் அந்த இடத்தில் முடிந்தது. கத்திவிட்டேன். "இஞ்சை பார்! துடக்கெண்டால் முழுத் துடக்கு. சபைக்கு ஒரு துடக்கு, குசினிக்கு ஒரு துடக்கு, போனுக்கு ஒரு துடக்கெண்டு பிரிச்சுப் பிரிச்சு என்னட்டைக் கொண்டு வராதை. உனக்கு வெட்கமாய் இல்லையோ? எனக்குக் கண் தெரியேல்லையடி! உன்ரை மகளின்ரை முகமே எனக்குப் புகையாய்த்தான் தெரியுது. நான் முப்பத்தொண்டு மட்டும் ஒண்டையும் தொடமாட்டன். மாவையும் தொடமாட்டன், போனையும் தொடமாட்டன்!"

"ஏனக்கா உப்பிடிக் கத்துறியள்? நான் என்ன சொல்லிப்போட்டன்? நீங்கள் பிறீ எண்டபடியாத்தானே..." என்று அவளும் அழத் தொடங்கினாள். நான் வைத்துவிட்டேன். என் கூடப் பிறந்தவளைக் கலியாண நேரத்தில் அழவைத்துவிட்டேன் என்று கவலையாகவும் இருந்தது, வாயிலே வந்த இன்னும் நாலு சொல்லைச் சொல்லாமல் விட்டேனே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

எட்டுச்செலவுக்குக் கொடிகாமம் போனேன். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து எட்டாம் நாள் படைப்பது எட்டுச்செலவு. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் நானும் சித்தப்பாவின் மகளும் பின் வாசலில் இருந்து பாத்திரம் கழுவினோம். தகப்பனுக்குப் பால் பருக்கிய மூக்குப்பேணியை அவள் தனியாக எடுத்து, நெடுநேரம் தேய்த்துக் கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மினுங்கியது. நான் ஒரு தட்டை அழுக்கோடு கவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "கண் அவ்வளவுக்குத் தெரியேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திகதி, டொக்டர், கூட வர ஆள் இல்லாதது, எல்லாம்.

"நான் வாறன்" என்றாள்.

"உனக்கு இஞ்சை எத்தினை வேலை கிடக்கும். முப்பத்தொண்டிலை அந்தியேட்டி வேறை வருகுது."

"எனக்கு என்னக்கா வேலை?" மூக்குப்பேணியைத் துணியில் துடைத்தாள். "நான் இப்ப பிறீதானே."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. ஊர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னாள். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிய நான், வாளித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, "காலமை வெள்ளன வரவேணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஒப்பரேஷன் நாள் வெள்ளென வந்தாள். முதல் பஸ் பிடித்து, கையில் ஒரு பையோடு. ஆஸ்பத்திரியில் யார் எங்கே நிற்பார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கும், தாதிமாரோடு எந்தக் குரலில் கதைத்தால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் தகப்பனோடு அலைந்து அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. என்னைச் சுவரோரம் கிடந்த ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக நான் ஒன்றும் செய்யாமல் ஒரு இடத்தில் இருந்தேன். கை சும்மா கிடப்பது ஒரு மாதிரி இருந்தது, மடியில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செய்து முடித்து, கண்ணை மூடிக் கட்டி, ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். வலப்பக்கம் சரியக்கூடாது என்றார்கள். அவள் என் முதுகுக்குக் கீழே ஒரு கையும் தோளுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, நான் அறியாமலே என்னை இடப்பக்கம் திருப்பி, முதுகோடு ஒரு தலையணையை அணைவாக வைத்தாள். என்னை அப்படி ஒருவர் தொட்டு எவ்வளவு காலம்! கட்டுக்கு உள்ளே கண் நனைந்தது. நனையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. அடித்து நின்று, திரும்பவும் அடித்தது. தங்கச்சியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பலகாரச்சூடு நடக்கிற நேரம். நான் கையை நீட்டினேன்.

"படுங்கோ அக்கா" என்று அவள் தானே எடுத்தாள். தங்கச்சியின் குரல் எனக்கு இங்கே கேட்டது, எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால் கத்தினாள். பெரிய தாச்சி எந்த வீட்டில் இருக்கிறது, இருக்கிற தாச்சி காணாது, திறப்புக் கொத்தில் எது எந்த வீட்டுத் திறப்பென்று தெரியவில்லை. மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில், "கண் முடிஞ்சுதோ? இப்ப பிறீயோ?" என்று கேட்டாள்.

இவளுடைய மற்றக் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையை எடுக்காமலே சொன்னாள்:

"அக்கா பிறீ இல்லை. நானும் பிறீ இல்லை."

தொலைபேசியை நிற்பாட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, தலையணையைச் சரிசெய்தாள்.